கெடா வயலும் நம் வீட்டுப் பொன்னியும்

கேள்வி: குருண் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல். இந்தப் பருவம் கெடா மாநிலத்தில் விளைச்சல் நன்றாக இருக்கும் என்கிறார்கள். அப்படியும் எங்கள் ஊர்க் கடையில் அரிசி விலை இறங்கவில்லையே, ஏன்? இன்னும் ஏறுவதற்குள் இரண்டு மூன்று மூட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? (தோட்டத்து வாசகி, பீடோங், மலேசியா)

பதில்: அம்மா, உங்கள் வீட்டில் பொங்குவது எந்த அரிசி? பீடோங், சுங்கை பட்டாணி பக்கத்துத் தோட்ட வீடுகளில் பெரும்பாலும் பொன்னிப் புழுங்கல்தான். நீங்கள் பார்க்கும் வயலில் பொன்னி விளைவதில்லை. அங்கே போடுவது பெரும்பாலும் எம்ஆர் என்ற உள்நாட்டு நெல் ரகங்கள். ஆலையில் அரைபட்டு வெள்ளைப் பச்சரிசியாக வருகிறது. பொன்னி இந்தியாவிலிருந்து கப்பலில் வருகிறது. அடுத்த முறை பையைத் திருப்பி, விளைந்த நாடு எது என்று பாருங்கள்.

ஆகவே கெடா வயல்கள் இருக்கும் மூடா வட்டாரத்தில் மழை பெய்ததா என்பதைவிட, டில்லியில் என்ன முடிவு எடுத்தார்கள் என்பதே உங்கள் உலையைத் தொடுகிறது. 2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த மாதமே புழுங்கலுக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. 2024 செப்டம்பரில் அது பாதியானது. அக்டோபரில் முழுதும் நீங்கியது. வரி ஏறியபோது உடனே ஏறிய விலை, வரி போனபின் எவ்வளவு இறங்கியது என்று கடைக்காரரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அரசாங்கம் அடிக்கடி சொல்லும் '10 கிலோ 26 வெள்ளி (ரிங்கிட்)' உள்நாட்டு வெள்ளை அரிசிக்கு மட்டும், 2008லிருந்து. பொன்னி அதில் சேராது. அந்த 26 வெள்ளி அரிசியும் 2023 செப்டம்பரில் கடைகளில் கிடைக்காமல் போனது நினைவிருக்கும். இறக்குமதி வெள்ளை அரிசியை, அரிசி இறக்குமதி நிறுவனமான பெர்னாஸ் டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 ஆக்கியதும், எல்லோரும் மலிவானதைத் தேடி ஓடினார்கள், தட்டுகள் காலி.

இன்னொன்று. செய்தியில் வரும் விளைச்சல் கணக்கு பெரும்பாலும் நெல் கணக்கு. உமியும் தவிடும் போனால் 100 கிலோ நெல்லில் அரிசியாகத் தேறுவது ஏறக்குறைய 65 கிலோ. கெடாவில் ஆண்டுக்கு இரண்டு போகம் எடுத்தும், 2023இல் நாட்டின் தேவையில் 56 விழுக்காடு அளவுக்குத்தான் சொந்த அரிசி இருந்தது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். விலைவாசி என்று பேச்செடுத்தால் வெள்ளை அரிசியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ரப்பர் பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் வாழ்கிற குடும்பம் மூன்று வேளையும் சாப்பிடுகிற அரிசி யார் கணக்கிலும் வருவதில்லை. அரிசி இறக்குமதி உரிமை 2031 வரை பெர்னாஸ் ஒன்றிடம்தான். அப்படியானால் புழுங்கல் என்ன விலைக்கு இறங்குகிறது, என்ன விலைக்குக் கடைக்குப் போகிறது என்பதை மாதாமாதம் வெளியிடட்டும். நம் ஓட்டு வாங்கிப் போன சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்டே ஆகவேண்டும். நீங்களும் அவர்களுக்கு எழுதுங்கள்.

மூட்டை விஷயம்: வேண்டாம் அம்மா. நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு மாதத்தில் வண்டு விழுந்துவிடும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, காய்ந்த டின்னில் இறுக மூடி வையுங்கள்.