மலாய் பேய்ப் படங்களில் பின்கழுத்தில் ஆணி அடிப்பது ஏன்? யார் தொடங்கியது?

ஆணி, மலாய் நாட்டு நம்பிக்கையிலிருந்தே வந்தது. பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் மோகினியைவிடப் பொந்தியானாக்தான் நெருக்கம்: பிரசவத்தில் இறந்தவள், நீளக் கூந்தல், வாழைமரம், நள்ளிரவில் கெம்போஜா பூ வாசம். பின்கழுத்தில் ஆணி இறங்கினால் அவள் அழகான பெண்ணாகிவிடுவாள். பிடுங்கினால் பழையபடி பேய். நம்மவர்கள் ஆணியைப் புளியமரத்தில் அடிப்பார்கள், இங்கே கழுத்தில்! கதை எழுதுபவருக்கு இதைவிட வசதி ஏது? கல்யாணம், குழந்தை எல்லாம் ஆகட்டும். ஒருநாள் யாராவது கூந்தலை விலக்கி, 'இது என்ன?' என்று தொட்டால் போதும்.

திரையில் இவளைப் பிரபலமாக்கியது, 1957இல் சிங்கப்பூரின் கேத்தே கெரிஸ் நிறுவனம் எடுத்த 'பொந்தியானாக்'. நாயகி மரியா மெனாடோ. இயக்குநர் பி. என். ராவ், இந்தியாவிலிருந்து வந்தவர். அக்கால மலாய் சினிமாவில் இந்திய இயக்குநர்கள் நிறைய. அதே ஆண்டில் இரண்டாம் பாகம், 1958இல் மூன்றாவது.

அப்புறம் மலேசியாவில் பேய்ப்படங்கள் பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்தன. 2004இல் ஷுஹைமி பாபா எடுத்த படத்தோடுதான் பொந்தியானாக் கோலாலம்பூர் தியேட்டர்களுக்குத் திரும்பினாள். 1957 படத்தைத் தேடி அலையாதீர்கள், பிரதி கிடைப்பதில்லை. மூன்றாம் பாகமான 'சும்பா பொந்தியானாக்' இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள்.