கதைமாந்தர் வழியாக மனித விழுமியங்களும் சமூகக் கருத்துகளும் எப்படி வெளிப்படுகின்றன?

உயர்நிலை நான்கில் தமிழ் இலக்கியம் எடுத்திருப்பதாகவும், இந்த வினாவுக்கு எவ்வளவு எழுதினாலும் பாதி மதிப்பெண்தான் வருகிறது என்றும் கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். நான் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். இந்த வினாவுக்குப் பிள்ளைகள் எழுதும் விடைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "இவர் அன்பானவர், பொறுமைசாலி, நேர்மையானவர்" என்று குணங்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவத்தைச் சேர்த்துவிடுவார்கள். வேலைக்குக் கொடுக்கும் நற்சான்றிதழ் மாதிரி ஆகிவிடுகிறது. அதில் மனிதர் எங்கே இருக்கிறார்?

என் பிள்ளைகளை இரண்டு கேள்விகள் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். இந்த மனிதர் எந்த இடத்தில் எதைத் தேர்ந்தெடுத்தார், அதற்காக எதை இழந்தார்? அந்த இழப்பை அவர் தலையில் கட்டியது யார்? முதல் கேள்வியில் விழுமியம் பிடிபடும். இரண்டாவதைக் கேட்டால் சமூகம் தானாக உள்ளே வந்துவிடும்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியனை எடுத்துக்கொள்வோம். 'ஆராயாமல் தீர்ப்பளித்தவன்' என்று எல்லாரும் எழுதுவார்கள். சரிதான். ஆனால் இளங்கோ அந்த அவசரத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறார் பாருங்கள். ஆடல் மகளிரின் ஆட்டத்திலும் பாட்டிலும் மன்னன் மனம் போனதில் அரசிக்கு ஊடல். தலைவலி என்று சாக்குச் சொல்லிவிட்டு அந்தப்புரம் போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அவன் போய்க்கொண்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்துப் பொற்கொல்லன் வந்து காலில் விழுந்து, காணாமல்போன சிலம்பைத் திருடியவன் அகப்பட்டான் என்கிறான். அரசியிடம் கொண்டுபோய்க் கொடுக்க மன்னனுக்கு அதைவிட நல்ல பொருள் உண்டா? காவலரைக் கூப்பிட்டு, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டு எடுத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டான். வீட்டுக் கவலையில் இருந்த சாதாரண மனிதன்தான். அவன் கையில் யாரையும் விசாரிக்காமல் உயிரை எடுக்கும் அதிகாரம் இருந்தது. அதிகாரத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையாக வேறு எப்படிச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது அரசவை. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துப் பரல்கள். கண்ணகி தன் சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கப் பரல் மன்னன் முகத்தருகே தெறிக்கிறது. அப்போதும் அவனுக்கு வழி இருந்தது. பொற்கொல்லனைப் பிடித்து வரச்சொல்லிப் பழியை அவன்மேல் போட்டிருக்கலாம், ஊரும் ஒத்துக்கொண்டிருக்கும். அவனோ "பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்" என்கிறான். உயிர் அங்கேயே போகிறது. அரசு பிழைத்தவனுக்கு அறமே எமனாகும் என்று பதிகத்திலேயே இளங்கோ சொல்லிவிட்டார். அந்த வாசகத்தை மட்டும் படித்திருந்தால் நாம் தலையாட்டிவிட்டுப் போயிருப்போம். குடை சாய, செங்கோல் தளர, அவன் விழுவதைப் பார்த்தபிறகுதான் அது உறைக்கிறது.

'பொறுமைசாலியான கண்ணகி வீரப்பெண்ணாக மாறினாள்' என்று எழுதுவதையும் நான் ஏற்பதில்லை. சோமகுண்டம், சூரியகுண்டம் இரண்டிலும் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு சேர்ந்து வாழலாம் என்று தோழி தேவந்தி சொல்லும்போதே, அது பெருமையல்ல என்று ஒரே பேச்சில் மறுத்துவிடுகிறாள். கொஞ்ச நேரத்தில் கோவலன் வந்து, பொருளெல்லாம் தொலைத்தது வெட்கமாக இருக்கிறது என்றதும், சிரித்த முகத்தோடு சிலம்பைக் கொடுக்க முன்வருவதும் அவளேதான். அந்த உறுதி முதலிலிருந்தே இருக்கிறது. மதுரையில் அதை முழுதாக வெளியே எடுக்க வேண்டிய நிலைக்கு அவளைத் தள்ளுகிறார்கள்.

பழைய மாந்தரை எடுத்து ஒரு தேர்வை மட்டும் மாற்றினாலே புதிய கேள்வி பிறந்துவிடும். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாப விமோசனம்' அப்படிப்பட்டது. இராமன் சொல்லிச் சீதை தீக்குளித்தாள் என்பதைச் சீதையின் வாயாலேயே கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். பெண்ணிடம் மட்டும் ஏன் நிரூபணம் கேட்கிறீர்கள் என்று அந்தக் கல் கேட்கிறது.

நம் ஊர்க் கதைகளுக்கு வருகிறேன். சிங்கப்பூரில் மாணவர்கள் போட்டிக்கு எழுதும் கதைகளில் தமிழ் பேசாத பேரனும் கண்கலங்கும் தாத்தாவும் அடிக்கடி வருவார்கள். தாத்தா நல்லவர், பேரன் கடைசியில் திருந்துவான். இரண்டு பேருமே எதையும் இழப்பதில்லை. எனக்கு அந்த வீட்டின் அம்மாவைத்தான் பார்க்க ஆசை. வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறவள், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் பிள்ளை பின்தங்கிவிடுவானோ என்ற பயத்தில் ஆங்கிலத்திலேயே பேசுகிறாள். தன் அப்பா முகம் வாடுவதும் அவளுக்குத் தெரிகிறது. கதை அவளிடம் இருக்கிறது. யாரும் அவளை எழுதுவதில்லை.

என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி, லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் கீழே கிடந்த பணப்பையைத் திருப்பிக் கொடுக்கும் வெளிநாட்டு ஊழியரைப் பற்றி எழுதியிருந்தாள். 'அவர் மிகவும் நேர்மையானவர்' என்று முடித்திருந்தாள். அவருக்கு இதில் என்ன நஷ்டம் என்று கேட்டேன். அடுத்த வாரம் மாற்றி எழுதி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இரவு, தங்குவிடுதிக்குப் போகும் பேருந்து கிளம்பப்போகிறது. அவர் பையோடு கூட்டத்தில் அந்த அம்மாவைத் தேடி ஓடுகிறார். "அக்கா, இது உங்களோடதா?" அந்த அம்மா வாங்கி, அவர் எதிரிலேயே பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்கிறார். பேருந்து போய்விடுகிறது. நேர்மை என்ற சொல்லே இப்போது கதையில் இல்லை. பணத்தை எண்ணுகிற அந்த விரல்களில் நம் சமூகம் ஊழியரை எப்படிப் பார்க்கிறது என்பது முழுக்க வந்துவிட்டது. படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதனால் துணைமாந்தரை விட்டுவிடாதீர்கள். விழுமியம் முதன்மை மாந்தரிடம் இருந்தாலும், அதற்கு விலை வைப்பவர்கள் பெரும்பாலும் ஓரத்தில் நிற்பார்கள். பத்திக்கு ஒரு காட்சி போதும். அந்தக் காட்சியின் வரியையே சான்றாகக் காட்டி, குணத்தின் பெயரைக் கடைசியில் எழுதுங்கள். எந்தக் கதை உங்களுக்குப் பாடமாக இருக்கிறது என்று சொன்னால், எந்தக் காட்சியை எடுக்கலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.