டூ கன்ஸ் சுவர்களைப் படமெடுக்க: கேள்வி பதில்

அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃபுக்கும் வின்ஸ்லோவுக்கும் நடுவே, பழைய ரூட் 66 நெடுஞ்சாலை ஓரம் பாழாகிக் கிடக்கிற ஊர் டூ கன்ஸ். சுவரெல்லாம் ஸ்ப்ரே பெயிண்ட். அங்கே படமெடுக்கப் போகிறவர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

சிவப்பு எழுத்துகள் படத்தில் அப்பினாற்போல் வருகின்றனவே?
சிவப்புச் சேனல் மட்டும் நிரம்பி வழிகிறது. பொது ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காகத்தான் காட்டும். மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் எக்ஸ்போஷரை 2/3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து, ராவில் (சென்சர் பதிந்த மூலக் கோப்பாக) எடுங்கள். ஃப்ளோரசன்ட் ஆரஞ்சும் பிங்கும் எஸ்ஆர்ஜிபிக்குள் (திரைகளுக்கான வழக்கமான நிற வரம்பு) அடங்காது. படத்தை அதற்கு மாற்றுமுன் அந்த நிறத்தின் சாச்சுரேஷனை (நிறச் செறிவை) மட்டும் இறக்குங்கள். இல்லாவிட்டால் பெயிண்ட் ஒழுகிய கோடும் எழுத்தும் ஒரே பட்டையாகிவிடும்.

எந்த லென்ஸ்?
ஃபுல் ஃபிரேமில் (36×24 மி.மீ. சென்சர்) 24–35 மி.மீ., லென்ஸ் துளை எஃப்/8. கேமராவை மட்டமாகப் பிடியுங்கள். அண்ணாந்தால் சுவர் பின்னால் சாயும். வியூஃபைண்டரில் கண் வைத்தபடி நடக்காதீர்கள். பக்கத்திலேயே டயப்லோ பள்ளத்தாக்கு.

கிட் லென்ஸ் 18–55 போதுமா?
போதும். கிராப் சென்சரில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது) 18 என்பது ஃபுல் ஃபிரேமின் ஏறக்குறைய 27தான்.

கிறுக்கல்களை ஃபோட்டோஷாப்பில் அழித்துப் பழைய கட்டடத்தை மட்டும் காட்டினால் என்ன?
வேண்டாம். அழித்த இடத்தில் நீங்கள் நிரப்புவது கற்பனைக் கல். இங்கிருந்த மிருகக்காட்சிச் சாலையின் முகப்பில் ‘மவுண்டன் லயன்ஸ்’ என்ற பழைய எழுத்து இருக்கிறது. அந்த மாதிரி எழுத்து வேண்டுமென்றால் சாய்வெளிச்சத்துக்குக் காத்திருங்கள். வெயில் சுவரை உரசிக்கொண்டு விழும்போது அடிப்பூச்சின் விளிம்பு மெல்லிய நிழலாக எழும்பும். அந்த நேரம் தவறினால் ஃபிளாஷைக் கழற்றிப் பக்கத்தில், சுவருக்கு 10–15 டிகிரியில் பிடியுங்கள்.

அப்படியானால் நேற்று அடித்த பெயிண்ட்டும் வரலாறா? அது நாசவேலை இல்லையா?
நாசவேலைதான், அதை ஆதரிக்கவில்லை. ஆனால் எந்த அடுக்கு எப்போது வந்தது என்பதற்குத் தேதியிட்ட படம்தான் சாட்சி. ஒரே இடத்தில் நின்று, ஒரே ஃபோகல் லென்த்தில் ஆண்டுக்கொரு படம் எடுங்கள். பள்ளத்தாக்கின்மேல் நிற்கும் 1915 பாலத்தையும் சேருங்கள்.

பழைய சுவரில் நாங்களும் பெயர் எழுதிப் படமெடுக்கலாமா?
கூடாது.

மொபைலுக்கு எந்த லென்ஸ்?
1எக்ஸ் (ஜூம் செய்யாத முதன்மை லென்ஸ்). லென்ஸ் கேள்வி இத்துடன் போதும்.

ட்ரோன்?
என் துறை இல்லை. எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) விதிகளைப் பாருங்கள்.

காலி நீச்சல் குளத்துக்குள் இறங்கலாமா?
விளிம்பிலிருந்தே எடுங்கள்: உள்ளே பாதி வெயில், பாதி நிழல், அதனால் 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்துப் பிறகு இணையுங்கள். இங்கேயும் நின்ற பிறகே கேமராவைத் தூக்குங்கள்.