பத்தாவியா சந்தை ஓவியத்தை வீட்டில் மாட்டலாமா?

கேள்வி: டச்சு ஓவியர் வரைந்த பழைய பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) சந்தைப் படத்தின் பிரதியை ஹாலில் மாட்ட ஆசை. அடிமை வைத்திருந்தவர்கள் படம் அது என்று நண்பர்கள் திட்டுகிறார்கள். மாட்டலாமா?

பதில்: தாராளமாக மாட்டுங்கள்.

நீங்கள் சொல்வது ஆன்ட்ரீஸ் பேக்மான் 1661 வாக்கில் வரைந்த படம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. வேலை விஷயமாக அங்கே போயிருந்தபோது பார்த்தேன். நான் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றதில் கூட வந்த ஆபீஸ் நண்பருக்குப் பொறுக்கவில்லை. "கொள்ளையடிச்சவன் படத்தைப் போய் இப்படி வாயைப் பிளந்துக்கிட்டுப் பாக்குறியே" என்றார். அந்தக் கடுப்பு இன்னும் ஆறவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அவர் படத்தைப் பார்க்கவே இல்லை, அதுதான் விஷயம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை, இந்தப் பக்கம் உயரமான தென்னைகள், அடியில் சந்தை. தரையில் பழம் பரப்பி விற்கிறார்கள், ஜாவாக்காரர்கள் சிலர் பந்தைக் காலால் உதைத்து விளையாடுகிறார்கள், சீனர்கள் இருக்கிறார்கள். நடுவே ஒரு டச்சு வியாபாரி, அவருடைய ஆசிய மனைவி, பின்னால் இவர்களுக்குக் குடை பிடித்தபடி ஓர் அடிமை. குடையின் நிழல் யாருக்கு என்று மட்டும் பாருங்கள், அந்த ஊர் எப்படி நடந்தது என்று தெரிந்துவிடும். இந்தப் படம் தொங்கியது ஆம்ஸ்டர்டாமில் அதே கம்பெனியின் தலைமையகத்தில். கொச்சி, கண்ணூர் படங்களும் அங்கே இருந்தன. முதலாளிகள் தங்கள் சொத்தைப் பார்த்துக்கொள்ள மாட்டிய படம், அதனால் சந்தையில் சண்டை, அழுகை எதுவும் இருக்காது.

இன்னொன்று. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் பிஜாப்பூர் சுல்தானின் படையெடுப்புகளும் பஞ்சமும் சேர்ந்து வாட்டியபோது நாகப்பட்டினம், பழவேற்காடு பக்கமெல்லாம் இதே கம்பெனி 8,000 முதல் 10,000 பேர் வரை அடிமைகளாக வாங்கியது. பெரும்பாலோர் இலங்கைக்குப் போனார்கள், கொஞ்சம் பேர் பத்தாவியாவுக்கு. படம் வரைந்ததும் அதே சமயத்தில்தான். குடை பிடிப்பவர் தமிழர் என்று நான் சொல்லவில்லை, உடனே கமெண்டில் ஆதாரம் கேட்டு வராதீர்கள். ஆனால் நம் ஊர் ஆட்கள் நடந்த தெரு அது. அதைப் பார்க்கக்கூடாது என்று எனக்குச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. டச்சுக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பவர்கள் மேலே உள்ள பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்.

சொல்லவேண்டாம் என்று பார்த்தேன், முடியவில்லை. ரைக்ஸ் மியூசியத்தில் அந்தப் படத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து அருங்காட்சியகம் ஒன்றில் ஒரு பழைய படத்துக்குக் கீழே 'ஓவியம்' என்று மட்டும் சீட்டு ஒட்டியிருந்தது. யாருடையது என்று கேட்டால் போட்டோ எடுக்கக்கூடாது என்று பதில் வருகிறது. நான் போனையே வெளியில் எடுக்கவில்லை!

பிரதி வாங்கும்போது பெரிதாகவே வாங்குங்கள். சின்ன அளவில் மனிதர்கள் எறும்பாகிவிடுவார்கள், கோட்டையும் தென்னையும்தான் மிஞ்சும்.