பாய்ப்படகுப் பந்தய ஓவியங்கள்: கேள்வி பதில்

கேள்வி: 1851ஆம் ஆண்டு ‘அமெரிக்கா’ என்ற ஸ்கூனர் (இரு பாய்மரப் படகு) வென்ற பந்தயத்தை வரைந்த ஃபிட்ஸ் ஹென்றி லேன், அதை நேரில் பார்த்தவரா?

பதில்: இல்லை. ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயம் அது; லேன் வாழ்ந்தது மாசசூசெட்ஸின் குளோஸ்டரில். ஆங்கில ஓவியர் ஆஸ்வால்ட் பிரயர்லியின் படத்தை அடிப்படையாகக் கொண்டே அவர் தம் ஓவியத்தைத் தீட்டினார்.

கேள்வி: அப்படியானால் அது வரலாற்றுச் சான்றாகாதே?

பதில்: ஆகும். நியூயார்க்கின் ஜார்ஜ் ஸ்டியர்ஸ் வடிவமைத்த அந்தப் படகின் பாய்கள் பருத்தியால் ஆனவை. தட்டையாக வெட்டப்பட்டு, அடிவிளிம்பில் கழியோடு பிணைக்கப்பட்டவை. ஆங்கிலப் படகுகளின் ஆளிநார்ப் பாய்களோ காற்றில் தொய்ந்து பை போல் உப்பின. பின்னோக்கிச் சாய்ந்த பாய்மரங்களையும் விறைத்து நிற்கும் பாய்களையும் ஓவியத்தில் பாருங்கள். ‘அமெரிக்கா’ படகு ஏன் முந்தியது என்பது அங்கேயே தெரியும்.

கேள்வி: என் தாத்தா வைத்திருந்த ‘கரியர் அண்ட் ஐவ்ஸ்’ என்ற பழைய அமெரிக்க அச்சு நிறுவனத்தின் பந்தயப் படத்தின் விலை என்ன?

பதில்: விலை சொல்வதில்லை. உருப்பெருக்கியால் பாருங்கள்: வண்ணம் ஒரே சீரான புள்ளி வரிசைகளாகத் தெரிந்தால் அது பிற்கால மறுபதிப்பு. அந்நிறுவனத்தின் கல்லச்சுப் படங்கள் (கல்லில் வரைந்து அச்சிட்டவை) பெரும்பாலும் கையால் வண்ணமிடப்பட்டவை. ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வண்ணம் கரைந்துவிடும்.

கேள்வி: நேரில் பார்க்காமல் வரைவது ஏமாற்று வேலை. நீங்கள் ஏன் லேனுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்?

பதில்: மறைத்தால்தான் ஏமாற்று. அக்காலத்தில் அச்சுப் படங்களைப் பார்த்து வரைவது எல்லோரும் அறிந்த தொழில்முறை. இந்த ஓவியங்களை வாங்கியவர்களில் படகு உரிமையாளர்கள் பலர். ஒரு கயிறு இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். லண்டனிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஓவியர் ஜேம்ஸ் பட்டர்ஸ்வொர்த்தும் கருமேகத்தையும் படகின் சாய்வையும் தாராளமாக மிகைப்படுத்தினார். ஆனால் கயிறும் பாயும் பொருந்துமிடத்தில் பிசகமாட்டார். மிகை எங்கே, துல்லியம் எங்கே என்று பிரித்தறிவதே பார்ப்பவர் பொறுப்பு.

கேள்வி: என்னிடமும் ஒரு பழைய அச்சுப் படம் இருக்கிறது, தூசி படிந்துள்ளது. துடைக்கலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். துடைக்காதீர்கள்.

கேள்வி: பட்டர்ஸ்வொர்த் கையொப்பமுள்ள எண்ணெய் ஓவியம் ஏலத்துக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: கையொப்பத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அவர் பெயரில் போலிகள் தீட்டியதை ஓர் அமெரிக்கர் 2012இல் தம் நூலிலேயே ஒப்புக்கொண்டார். ஓவியம் இதுவரை யார் யாரிடம் இருந்தது என்ற ஆவணங்களைக் கேளுங்கள்.

கேள்வி: கப்பல் மாதிரிகள் செய்வது பற்றிச் சொல்வீர்களா?

பதில்: அது என் துறையன்று, மாதிரிக் கலைஞர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ஓவியர் கடலை அறிந்தவரா என்று எப்படி அறிவது?

பதில்: நங்கூரமிட்ட கப்பலின் கொடியையும் கரையிலுள்ள புகையையும் பாருங்கள். இரண்டும் ஒரே திசையில் பறக்கவேண்டும். பிறகு அந்தக் காற்றுக்குப் படகின் பாய் எந்தப் பக்கம் விரிந்திருக்கிறது என்று ஒப்பிடுங்கள்.