மனசுக்கு முன்னால் கழிப்பறை

கேள்வி: முப்பது வருடப் பழைய வீடு. குளியலறை, சமையலறை இரண்டையும் ஒரே நேரத்தில் இடித்துப் புதுப்பிக்கிறோம். ‘இருபதே நாள்’ என்றார் மேஸ்திரி. இரண்டரை மாதம் ஓடிவிட்டது. நடுவில் டைல்ஸை மட்டும் இரண்டு முறை மாற்றினோம். வீடெல்லாம் தூசி. எனக்குத் தூக்கம் இல்லை, கணவருடன் தினமும் சண்டை. போதாததற்கு, பக்கத்து வீட்டுக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று மாமியாரின் முனகல் வேறு. மன அமைதிக்குத் தியானம் கற்றுக்கொள்ளலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: விடியற்காலையில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, ‘கொஞ்சம் பாத்ரூம் போய்க்கட்டுமா’ என்று கேட்பதை 75 நாளாகச் செய்துகொண்டிருக்கிறார் உங்கள் மாமியார். இதற்குப் பெயர் முனகலா? உங்கள் வீட்டில் யாருக்காவது தியானம் தேவை என்றால் முதலில் அவருக்குத்தான்.

மேஸ்திரியிடம் நாளைக்கே சொல்லிவிடுங்கள்: கழிப்பறை முடிகிற வரை சமையலறையில் யாரும் கை வைக்க வேண்டாம். சமையலை ஹாலில் ஒரு ஸ்டூல் மேல் அடுப்பை வைத்துச் சமாளிக்கலாம். மற்றதை அப்படிச் சமாளிக்க முடியாது. இரண்டையும் சேர்த்து இடித்தால் கூலி மிச்சம் என்று யாரோ யோசனை சொல்லியிருப்பார்கள். அவர் வீட்டில் இரண்டு கழிப்பறை இருந்திருக்கும்.

அப்புறம், 75 நாளையும் மேஸ்திரி கணக்கில் எழுதாதீர்கள். பூச்சு வேலை முடிந்தால் குறைந்தது 7 நாளாவது தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். குளியலறைத் தரையில் வாட்டர்புரூஃபிங் செய்தால் காயவிட்டு, தண்ணீர் கட்டி நிறுத்தி, ஒழுகுகிறதா என்று ஒன்றிரண்டு நாள் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் ஒரு ஆளும் வரமாட்டார், பார்க்கிற நமக்கு வயிறு எரியும். ஆனால் அதுவும் வேலைதான். அவசரப்படுத்தினால் அடுத்த மழைக்குள் சுவரில் ஓதம் ஏறி, எனக்கு இன்னொரு கடிதம் வரும்.

மீதி நாட்கள் மேஸ்திரியுடையவை. ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் வேலை பிடித்திருப்பார். பேராசை என்று சொல்லிவிட முடியாது. ஒரு வாரம் வேலை கொடுக்காவிட்டால் கொத்தனாரும் சித்தாளும் வேறு மேஸ்திரியிடம் போய்விடுவார்கள். அதனால் எந்த வீட்டில் வாங்க வேண்டிய பணம் பாக்கி இருக்கிறதோ, ஆட்களை அங்கேதான் அனுப்புவார். நீங்கள் எவ்வளவு முன்பணம் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. முக்கால்வாசி கொடுத்திருந்தால் உங்கள் தூக்கம் போன வழி அதுதான். இனிமேல் சனிக்கிழமைதோறும் முடிந்த வேலைக்கு மட்டும் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். கடைசித் தொகை, குழாய்கள் ஒரு வாரம் ஒழுகாமல் ஓடிய பிறகு.

உங்கள் பங்குக்கு வருவோம். டைல்ஸை ‘மட்டும்’ இரண்டு முறை மாற்றியிருக்கிறீர்கள். அந்த ‘மட்டும்’ எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சரக்கு வரக் காத்திருக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண் வேறாக இருந்தால், அதே டைல்ஸே நிறத்தில் ஒரு மாற்றுக் குறைந்தோ கூடியோ வரும். அதைப் பார்த்ததும் மூன்றாவது முறையாக மனசு மாறும். வாங்கும்போதே உடைசலுக்கும் சேர்த்து ஒரே பேட்ச்சில் கொஞ்சம் கூடுதலாக வாங்கிவிடுங்கள்.

கணவருடன் சண்டையும் இங்கேதான் தொடங்கியிருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். எங்கள் வீட்டில் சிங்க் ஜன்னலுக்குக் கீழேயா, பக்கச் சுவரிலா என்று நானும் மனைவியும் மூன்று நாள் பேசாமல் இருந்தோம். உண்மையில் இருவருக்கும் கோபம் மேஸ்திரி மேல். அவர் போனை எடுக்கவில்லை, நாங்கள் ஒருவருக்கொருவர் கையில் கிடைத்தோம், அவ்வளவுதான். இன்று ராத்திரி இருவரும் உட்கார்ந்து, பாக்கி இருக்கும் முடிவுகளை ஒரு தாளில் எழுதுங்கள்: குழாய், கதவு, பெயிண்ட் எல்லாம். எழுதிய பின் மாற்றக் கூடாது. மேஸ்திரியிடம் உங்களில் ஒருவர் மட்டும் பேசுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், அவர் தனக்கு வசதியானதைச் செய்வார்.

வேலை எல்லாம் முடிந்தும் தூக்கம் வரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

தியானமா? தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள், டைல்ஸ் வெட்டும் மெஷின் ஓடத் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும். விடியற்காலையில் மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு, மாமியாருக்குத் துணையாகப் பக்கத்து வீடு வரை போய்வாருங்கள்.