சொல்லுக்கு விளக்கா, தாளத்துக்கு விளக்கா?

கேள்வி: எங்கள் நாடகக் குழுவுக்கு 6 ஆண்டுகளாக மேடை நிர்வாகம் செய்துவருகிறேன். சிவராத்திரியை ஒட்டிய நாட்டியாஞ்சலியில் ஆடவிருக்கும் ஒரு நாட்டியப் பள்ளி, தங்கள் மேடைப் பொறுப்பையும் ஏற்கும்படி கேட்கிறது. நாடகத்தில் கற்றது அங்கே உதவுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உதவும், ஆனால் சில பழக்கங்களை நீங்கள் முதல் நாளே கைவிட வேண்டியிருக்கும். நாடகத்தில் விளக்கு மாறும் இடம் வசனத்தின் பொருளோடு கட்டுண்டிருக்கிறது. நடிகர் ஒரு வரியை விழுங்கிவிடுவார், அல்லது அவையின் சிரிப்பு அடங்கும்வரை நிற்பார். நீங்களும் அவரோடு காத்திருப்பீர்கள். நாட்டியத்திலோ அந்த இடம் தாளத்தில் இருக்கிறது. தாளச் சொற்கட்டான ஜதியின் முடிவில் ‘ததிங்கிணதோம்’ மூன்று முறை வரும்போது, மூன்றாவதைக் கேட்டு முடித்த பிறகு விளக்குக்காரருக்குச் சைகை கொடுத்தீர்களானால், ஆடுபவர் அரிதியில், அதாவது ஜதி முடியும் இடத்தில், நின்றுவிட்டிருப்பார், வெளிச்சம் அசட்டுத்தனமாகப் பின்னால் வந்து சேரும். இரண்டாவதிலேயே விளக்குக்காரரை எச்சரித்து வைத்து, மூன்றாவது முடிவதற்கு ஒரு கணம் முன்பே ‘போடுங்கள்’ என்று சொல்லிவிட வேண்டும். எனவே ஒத்திகைகளில், ஜதி சொல்லித் தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாருக்குப் பக்கத்தில் அமர்ந்து தாளம் போட்டுப் பழகுங்கள். ராகம் பிடிபடாவிட்டால் குற்றமில்லை. ஆதி தாளத்தின் 8 அட்சரங்கள் (தாள எண்ணிக்கைகள்) எங்கே தொடங்குகின்றன என்று தெரியாமல் அந்த இருக்கையில் உட்கார முடியாது.

பக்கவாத்தியம் நேரடியாக இருந்தால் நட்டுவனாரே பாதி மேடை நிர்வாகி. ஆடும் பெண் நுழையத் தாமதமானால் அவர் ஓர் ஆவர்த்தனத்தை (தாளத்தின் ஒரு முழுச் சுற்றை) நீட்டிச் சமாளிப்பார். பதிவுசெய்த பாட்டு அந்தக் கருணையைக் காட்டாது.

அடுத்தது தரை. நாற்காலி வைக்கும் இடத்தைக் குறிக்கப் பசை நாடா ஒட்டுவது நம் வழக்கம். வெறுங்காலில் ஆடுபவருக்கு அதன் விளிம்பே தடுக்கும். முந்தைய நாள் செட்டிலிருந்து விழுந்த ஓர் ஆணி போதும், சலங்கையோடு ஒருவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல. ஒருமுறை என் கவனக்குறைவால் அப்படி நேர்ந்தது முதல், நாடகமானாலும் நாட்டியமானாலும், நிகழ்ச்சிக்கு முன் மேடை முழுவதையும் நானே செருப்பில்லாமல் ஒருமுறை நடந்து பார்த்துவிடுகிறேன். கோயில் வளாகத்து மேடையில் நுழைபவரை மறைக்கும் பக்கத் தட்டிகளை எதிர்பார்க்க வேண்டாம்; யார் எந்தப் பக்கம் நுழைவது என்பதை முன்கூட்டியே தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

எழுதி வைப்பது என்ற இந்தப் பழக்கம்தான் நீங்கள் அவர்களுக்குக் கொண்டுபோகும் பெரிய சீதனம். நாட்டியப் பள்ளிகளில் பல விஷயங்கள் ஆசிரியையின் மனத்தில் மட்டுமே இருக்கும். பாடல் வரிகளை ஒரு பக்கமும், விளக்கு, ஒலி, நுழைவு மாற்றங்களை எதிர்ப்பக்கமும் எழுதிய குறிப்பேடு ஒன்று இருந்தால், ஆசிரியையே ஆடும் நாளில் அதன் அருமை தெரியும்.

திரும்பி வரும்போது நீங்கள் நாடகத்துக்குக் கொண்டுவருவது காது. வசனத்துக்கும் மூச்சும் லயமும் உண்டு என்பதை ஜதி கேட்டுப் பழகியவர் எளிதில் உணர்வார். விளக்கு மங்கும் வேகத்தை அவர் கடிகாரத்தால் அளப்பதில்லை. நாடகமும் நாட்டியமும் ஒன்றாக நடப்பதைக் காண விரும்பினால், நரசிம்ம ஜயந்தியின்போது தஞ்சாவூர் அருகிலுள்ள மெலட்டூருக்குச் சென்று பாகவத மேளம் என்ற நாட்டிய நாடகத்தைப் பாருங்கள். பாத்திரத்தை அறிமுகப்படுத்தும் பாட்டான பிரவேசத் தரு பாடப்படும்போதே வேடதாரி ஆடிக்கொண்டு நுழைவதும், பாட்டிலிருந்து வசனத்துக்கு மாறுவதும் உங்களுக்கு நல்ல பாடம். கதையைவிட, வேடம் வெளிவரும் வழியையே பார்த்துக்கொண்டிருங்கள்.

கேள்வி: மேடை நிர்வாகம் என்பதே மேல்நாட்டிலிருந்து வந்த வழக்கம் என்கிறார் என் நண்பர். சரியா?
– வாசகர், சீர்காழி

பதில்: பதவியின் பெயர் வேண்டுமானால் அங்கிருந்து வந்ததாக இருக்கட்டும். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பூம்புகாரில் மாதவி ஆடிய அரங்கைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அளவோடு சொல்கிறது: அகலம் 7 கோல் (கோல் என்பது அக்கால அளவுகோல்), நீளம் 8 கோல், உயரம் 1 கோல், வாயில்கள் 2. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என 3 வகைத் திரைகளும் இருந்தன. தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைத்தார்கள் என்றும் அக்காதை கூறுகிறது. அந்த விளக்கை நகர்த்தி நகர்த்தி நிழலைப் பார்த்தவர் யாரோ, அவரை நம் தொழிலின் மூத்தவர் என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.